ஆற்றை எதிர்த்து ஏறிய ஆட்டுப் பண்ணைக்காரர்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சென்ற கோடை விடுமுறையில் ஆஸ்திரேலியாவிலுள்ள சிட்னி நகரத்திற்குத் தன் சித்தப்பா வீட்டுக்குப் போய் வந்தாள். பள்ளி திறந்த முதல் வாரம் முழுவதும் இடைவேளை மணி அடித்தால் போதும், வேப்பமரத்தடியில் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். கங்காருவைப் பற்றியும் கடைவீதிகளைப் பற்றியும் அவள் நிறையச் சொன்னாள். ஆனால் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது துறைமுகத்தில் அவள் போய் வந்த ஜெட் படகுச் சவாரியைப் பற்றித்தான்.

நமக்கு மே மாதம் கத்திரி வெயில். அங்கோ குளிர்காலத்தின் வாசல். தண்ணீர் புகாத நீளமான அங்கியையும் மிதவைச் சட்டையையும் மாட்டி, வரிசையாக இருக்கைகளில் உட்கார வைத்தார்களாம். முன்னே உள்ள கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்களாம். படகு முதலில் சாதுவாகத்தான் புறப்பட்டிருக்கிறது. 1973-ல் திறக்கப்பட்ட, வெண்பாய்களை விரித்தாற் போன்ற ஆப்பரா ஹவுஸ் ஒரு பக்கம். 1932-ல் திறக்கப்பட்ட பெரிய இரும்பு வளைவுப் பாலம் மறுபக்கம். எல்லாரும் படம் எடுத்து முடித்ததும் ஓட்டுநர் வேகத்தைக் கூட்டினார். மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் மேலே! முகத்தில் உப்புத் தண்ணீர் ஊசி போலக் குத்தியதாம். திடீரென்று படகு இருந்த இடத்திலேயே பம்பரமாய்ச் சுழன்றது. பிறகு நேராகப் பறந்து, யாரோ வாலைப் பிடித்து இழுத்தது போலச் சட்டென்று நின்றது. மூக்குப்பகுதி தண்ணீருக்குள் அமிழ, அலை ஒன்று எழும்பி அத்தனை பேரையும் தலையோடு குளிப்பாட்டியது. பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பாட்டியம்மாள் கைகொட்டிச் சிரித்தார்களாம். எங்கள் தோழியோ சித்தியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாளாம்.

இதை அவள் அறிவியல் வகுப்பிலும் சொல்லப் போய்த்தான் வினை வந்தது. ஆசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தப் படகுக்கு அடியில் சுழலும் விசிறி கிடையாது, சுக்கானும் கிடையாது. பின் அது எப்படி ஓடியது, எப்படித் திரும்பியது, எப்படி நின்றது? சவாரி செய்தவளுக்கும் தெரியவில்லை, கதை கேட்ட எங்களுக்கும் தெரியவில்லை. நியூட்டனின் மூன்றாம் விதியைத் தேர்வுக்கு வரி பிசகாமல் எழுதத் தெரிந்த நாற்பத்திரண்டு பேரும் தலைகுனிந்து நின்றோம்.

அந்த வெட்கத்தால்தான் நாங்கள் தேட ஆரம்பித்தோம். நூலகத்திலும் வீட்டிலுமாகத் தேடித் திரட்டியதில், படகைவிட அதைச் செய்த மனிதர் எங்கள் மனத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் பெயர் சர் வில்லியம் ஹாமில்டன். ஊரார் அழைத்தது பில் ஹாமில்டன். இந்த ஆண்டு மலருக்கு அவர் வரலாற்றை எழுதலாம் என்று சொன்னபோது எங்களுக்குள்ளேயே ஒரு சச்சரவு எழுந்தது. மேரி கியூரி அம்மையாரைப் பற்றியும் சர் சி. வி. இராமனைப் பற்றியும் எழுத வேண்டிய இடத்தில், உல்லாசப் படகு செய்த ஒருவருக்கு எதற்கு இத்தனை பக்கம் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு எங்களால் இயன்ற பதிலே இக்கட்டுரை.

பில் ஹாமில்டன் 1899-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் நியூசிலாந்தின் தென்தீவில், ஃபேர்லி என்னும் ஊருக்கு அருகிலுள்ள ஆஷ்விக் என்ற ஆட்டுப் பண்ணையில் பிறந்தார். வைஹி என்னும் பள்ளியிலும், பின்பு கிறைஸ்ட்சர்ச் நகரின் கிறைஸ்ட் கல்லூரிப் பள்ளியிலும் பயின்றார். அவர் பெற்ற ஏட்டுப் படிப்பு அவ்வளவே. பொறியியல் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. கையில் எண்ணெய்க் கறை படியப் படியக் கற்றுக்கொண்டதுதான் அவருடைய பொறியியல் எல்லாம்.

1921-இல், இருபத்திரண்டு வயது நிரம்பும் தறுவாயில், அவர் ஐரிஷ்மன் க்ரீக் என்ற பண்ணையை வாங்கினார். அது மெக்கென்சி நாடு என்னும் மேட்டுச் சமவெளியில் இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. மெக்கென்சி என்பவர் மன்னரோ தளபதியோ அல்லர். 1855-இல் ஆயிரம் ஆடுகளைத் திருடி ஓட்டிச் சென்றதாகப் பிடிபட்ட இடையர்! அவருக்கு ஐந்தாண்டுத் தண்டனை விதித்தார்கள்; ஒன்பது மாதங்களில் மன்னித்து விடுதலை செய்தார்கள். ஊருக்கு மட்டும் அவர் பெயர் நிலைத்துவிட்டது.

இந்த நிலத்தைச் சற்றே மனக்கண்ணில் காண வேண்டும். ஏனென்றால் ஜெட் படகைப் பெற்றெடுத்த தாய் இந்த நிலந்தான். மேற்கே பனி மூடிய மலைத்தொடர். அம்மலைகளிலிருந்து பனிப்பாறைகள் அரைத்துக் கொணரும் கல்மாவு கலந்ததால் டெக்காப்போ, புக்காக்கி ஆகிய ஏரிகள் பால் கலந்த நீல நிறத்தில் கிடக்கின்றன. மரம் அரிது, கண்ணுக்கெட்டிய மட்டும் மஞ்சள் புல் கொத்துகளும் முட்புதர்களும். ஆறுகளோ நம் ஊர் ஆறுகளைப் போல ஒரே வாய்க்காலாக ஓடுவதில்லை. கூழாங்கற்கள் நிறைந்த அகன்ற படுகையில், பெண்பிள்ளைகளின் சடைப்பின்னல் போலப் பல கிளைகளாகப் பிரிந்தும் கூடியும் ஓடுகின்றன. கணுக்கால் அளவே நீர். ஆனால் ஆளை இழுத்துச் செல்லும் வேகம். இத்தகைய ஆற்றில் படகு விட்டால் என்ன ஆகும்? அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி முதல் கல்லிலேயே மோதி ஒடியும். ஆகவே ஆற்றோடு போகலாம். ஆற்றை எதிர்த்துப் போக வழியில்லை.

எதிர்த்துப் போக வேண்டும் என்பது அவருக்குச் சிறுவயது முதலே இருந்த ஆசை. ஆனால் அது கைகூடும் முன் அவர் வாழ்வில் ஐம்பதாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த ஐம்பதாண்டுகளும் வீணில்லை.

முதலில் கார்ப் பந்தயம். பழைய சன்பீம் கார் ஒன்றைச் செம்மைப்படுத்தி நியூசிலாந்தின் கடற்கரை மணலில் ஓட்டிப் பரிசுகள் பெற்றார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வட்டாரத்தில் மணிக்கு 100 மைல் வேகத்தைக் கடந்த முதலாமவர் என்று அவரைப் பற்றி எழுதுவோர் குறிப்பிடுகிறார்கள். 1930-இல் இங்கிலாந்து சென்று, புகழ்பெற்ற புரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்தில் பென்ட்லி கார் ஓட்டியும் வென்றார். வேகத்தின் ருசி அறிந்தவர்தான் ஐயமில்லை. சிட்னித் துறைமுகத்தில் எங்கள் தோழியைப் பம்பரமாகச் சுற்றிய படகில் அந்தப் பந்தயக்காரரின் இரத்தமும் ஓடுகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அடுத்தது பட்டறை. பண்ணை வீட்டுக்கு மின்விளக்கு வேண்டும்; அந்தக் காட்டுக்கு யார் கம்பி இழுத்து வருவார்கள்? ஓடையில் அணை கட்டித் தாமே மின்சாரம் எடுப்பது என்று முடிவு செய்தார். அணை கட்ட மண் வெட்ட வேண்டும். மண் வெட்டும் இயந்திரம் கிடைக்காததால் அதையும் தாமே செய்தார். அந்த இயந்திரம் நன்றாக வேலை செய்யவே, அக்கம்பக்கத்தார் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். இப்படியாக ஆட்டுத் தொழுவங்களுக்கு நடுவே ஓர் இயந்திரத் தொழிற்சாலை முளைத்தது. இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் அந்தப் பட்டறையில் போர்த் தளவாடங்கள்கூடத் தயாராயின. போர் முடிந்தபின் தொழில் பெருகி, கிறைஸ்ட்சர்ச் நகருக்குப் பெயர்ந்தது. ஒன்றுக்காக ஒன்று, அதற்காக மற்றொன்று என்று போகும் இந்தக் கதையை எங்கள் வீட்டில் சொன்னபோது, குழாய் பழுது பார்க்க ஆரம்பித்துச் சமையலறையையே இடித்துவிட்ட தம் தம்பியை நினைத்து ஓர் அம்மா பெருமூச்சு விட்டார்கள். ஆனால் ஹாமில்டன் இடித்ததோடு நிற்கவில்லை, கட்டியும் முடித்தார்.

இனி படகுக்கு வருவோம்.

1953-ஆம் ஆண்டளவில் அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. நம் ஊரில் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் வயது. அவரோ பழைய ஆசையைத் தூசு தட்டி எடுத்தார். விசிறி கல்லில் மோதுகிறது என்றால், விசிறியே இல்லாத படகு வேண்டும். நீரை உறிஞ்சி, வேகமாகப் பீய்ச்சி, அந்த வேகத்தால் படகை உந்தலாம் என்பது அன்றே பழைய எண்ணந்தான். 1787-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ரம்சி என்பவர் நீராவிப் பம்பால் நீரைப் பின்னோக்கித் தள்ளி பொட்டோமாக் ஆற்றில் ஒரு படகை ஓட்டிக் காட்டியிருக்கிறார். ஹாமில்டன் காலத்தில் அமெரிக்காவில் ஹான்லி ஹைட்ரோஜெட் என்ற ஓர் அமைப்பும் இருந்தது. வயல் கிணற்றில் நாம் காணும் பம்பைப் போன்றதொரு பம்பு நீரை இழுக்கும். படகின் அடியில் உள்ள குழல்வாய் வழியாக அதைப் பீய்ச்சும். குழல்வாயைத் திருப்பினால் படகு திரும்பும்.

ஹாமில்டன் அந்த முறையையே எடுத்துத் திருத்தி, 12 அடி நீள ஒட்டுப்பலகைப் படகில் பொருத்தினார். அது ஓடியது, ஆனால் பெருமைப்படும்படி ஓடவில்லை. நீர் வெளியேறும் குழல்வாய் படகுக்கு அடியில், தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதுவே ஓட்டத்துக்குத் தடையாயிற்று. அதுவுமன்றி, விசிறி போய்க் குழல்வாய் வந்ததே தவிர, கல்லில் இடிபட ஒரு பொருள் அடியில் இருக்கத்தான் செய்தது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

அப்போது அவரிடம் வேலை பார்த்த ஒருவர் ஒரு யோசனை சொன்னார். குழல்வாயை அடியிலிருந்து எடுத்துப் பின்புறத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தால் என்ன? பீய்ச்சும் நீர் தண்ணீருக்குள் போகாமல் காற்றில் பாயட்டுமே.

தோழியரே, இந்த இடத்தில் நாங்கள் மிகவும் குழம்பினோம். தண்ணீரைத் தண்ணீரின்மேல் தள்ளினால்தானே படகு முன்னே போகும்? காற்றில் பீய்ச்சினால் எதை உதைத்துக்கொண்டு போகும்? எங்களில் பலர் அப்படித்தான் நம்பியிருந்தோம். ஆசிரியை சிரித்துக்கொண்டே ஒரு பலூனை ஊதி, வாயைக் கட்டாமல் விட்டார். அது வகுப்பறை முழுதும் பறந்து, கரும்பலகையில் மோதி, கடைசி வரிசையில் உறங்கிக்கொண்டிருந்தவள் தலைமேல் விழுந்தது. பலூன் எதையும் உதைக்கவில்லை. உள்ளிருந்த காற்று ஒரு பக்கம் ஓட, பலூன் மறுபக்கம் ஓடியது. படகும் அப்படியே. உள்ளே இழுத்த நீரை அதிவேகமாகப் பின்னே எறிகிறது. எறிந்ததற்கு எதிர்வினையாகத் தான் முன்னே பாய்கிறது. எறியப்பட்ட நீர் பிறகு காற்றில் போனாலும் கடலில் விழுந்தாலும் படகுக்கு ஒன்றுமில்லை. காற்றில் பாய்ந்தால் தடையும் குறைவு. மூன்றாம் விதியை நாங்கள் உண்மையில் புரிந்துகொண்டது அன்றுதான்.

யோசனை பலித்தது. 1954-இல் படகு முன்னைவிட விரைவாக ஓடியது. அதைவிட முக்கியம், அதன் அடிப்பாகம் இப்போது வழவழவென்று ஒன்றும் நீட்டாமல் இருந்தது. ஒரு சல்லடைக் கம்பியின் வழியாக நீர் உள்ளே போகும், பின்னால் பீய்ச்சும், அவ்வளவே. வேகமெடுத்து நீர்மேல் எழும்பிவிட்டால் நான்கு அங்குல ஆழம் இருந்தாலும் போதும், கூழாங்கற்களின்மேல் வழுக்கிக்கொண்டே போய்விடும். ஆளை இழுக்கும் அந்த ஆறுகளில், ஆட்டுப் பண்ணைக்காரர் ஆற்றை எதிர்த்து ஏறினார்! பின்னர் பழைய பம்பை மாற்றி, நீரை வளைக்காமல் நேர்கோட்டிலேயே தள்ளும் பம்பை அமைத்தார். ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலும் தகடுகளை அடுக்கி மேன்மேலும் வலுப்படுத்தினார்.

சுக்கான் இல்லாமல் எப்படித் திரும்புகிறது என்பதற்கும் விடை கிடைத்தது. பாயும் நீரையே இடமும் வலமும் திருப்பிவிடுகிறார்கள். நிறுத்த வேண்டுமானால் குழல்வாய்க்கு எதிரே ஒரு வளைந்த மூடியை இறக்குகிறார்கள். பின்னே போகும் நீர் அதில் பட்டு முன்னோக்கி மடங்குகிறது. படகு தன் நீளத்துக்குள்ளேயே தடுக்கி நிற்கிறது. இதில் ஒரு விந்தை உண்டு. விசையைக் குறைத்துவிட்டால் திருப்புவதற்கு நீர் இராது. ஆகவே பாறை எதிரே வரும்போது பயந்து வேகத்தைக் குறைப்பவர் பாறையிலேயே போய் மோதுவார். வேகத்தைக் கொடுத்துத்தான் விலக வேண்டும். சவாரி ஓட்டுநர்கள் செய்யும் அந்தப் பம்பரச் சுழற்சிக்கு இன்றும் ஹாமில்டன் திருப்பம் என்றே பெயர். பயணிகளைக் கத்த வைப்பதற்கு மட்டுமே இன்று அது பயன்பட்டாலும், குறுகிய ஆற்றில் சட்டென்று திரும்பிக்கொள்ள அது உதவியது.

இவ்வளவும் செய்தவர் தம்மைக் கண்டுபிடிப்பாளர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பெருமை ஆர்க்கிமிடீஸ் என்பவரைச் சேரும், அவர் சில காலத்துக்கு முன் வாழ்ந்தவர் என்று வேடிக்கையாகச் சொல்வாராம். குளியல் தொட்டியிலிருந்து எழுந்து ஓடிய அதே ஆர்க்கிமிடீஸ்தான். திருகு வடிவக் குழாயால் நீரை மேலே ஏற்றும் கருவி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவர் மறைந்தது கி.மு. 212-இல்! எங்களுக்கு இதைவிடப் பிடித்தது வேறொன்று. தம்மிடம் சம்பளம் வாங்கும் ஒருவர் சொன்ன யோசனையை, முதலாளி நான் இருக்க நீ யார் என்று தள்ளாமல் ஏற்றுக்கொண்டாரே, அதுதான். கணக்குப் பாடத்தில் பக்கத்து மாணவி நம்மைவிடச் சுருக்கமான வழி சொன்னால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லையா?

படகை உலகம் உடனே நம்பிவிடவில்லை. ஐம்பதுகளில் அவர் அமெரிக்காவுக்குப் படகைக் கொண்டுபோய்க் காட்டி, கொலராடோ ஆற்றில் எதிர்த்து ஏறப் போவதாகச் சொன்னபோது பத்திரிகைக்காரர்கள் நகைத்தார்கள். கொலராடோ ஆறு கிராண்ட் கேனியன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கின் அடியில் 446 கிலோமீட்டர் ஓடுகிறது. இருபுறமும் ஏறக்குறைய ஒரு மைல் உயரப் பாறைச் சுவர். இடையிடையே பாறைகளில் மோதிக் கொதிக்கும் நீர். அதில் எதிர்த்து ஏறிய படகு அதுவரை கிடையாது. 1960-இல் ஹாமில்டன் படகுகள் அதை ஏறிக் கடந்தன. ஓட்டியவர்களில் முதன்மையானவர் அவருடைய மகன் ஜான். நகைத்தவர்கள் என்ன எழுதினார்கள் என்று தேடிப் பார்க்க எங்களுக்கு ஆசையாக இருந்தது. அமெரிக்கப் பழைய பத்திரிகைகள் எங்கள் நூலகத்தில் ஏது!

அறுபதுகளின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன் பகுதியில் சுற்றுலாப் பயணிகளைக் காசு வாங்கிக்கொண்டு ஜெட் படகில் ஏற்றிச் செல்லும் தொழில் வேரூன்றியது. அங்கிருந்துதான் இந்தச் சவாரி உலகத் துறைமுகங்களுக்குப் பரவியது. எல்லாம் சிரிப்பும் கும்மாளமுமாக நடந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். இச்சவாரிகளில் விபத்துகள் நேர்ந்து உயிர்களும் போயிருக்கின்றன. அதன்பின் ஓட்டுநர்களுக்கும் படகுகளுக்கும் அங்கே கடுமையான விதிகள் வந்தன. மிதவைச் சட்டையின் வார்களை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்ததாகத் தோழி சொன்னபோது நாங்கள் சிரித்தோம். இப்போது சிரிக்க மாட்டோம்.

உல்லாசம் ஒருபுறம் இருக்க, அடியில் சுழலும் விசிறி இல்லாததால் நீரில் தத்தளிப்பவர் அருகே இந்தப் படகை அச்சமின்றிக் கொண்டுபோகலாம். மணல்திட்டு, ஆழமற்ற கழிமுகம், வெள்ளக்காடு எதுவானாலும் போகலாம். மீட்புப் படகுகள், கடல்காவல் படகுகள், பெரிய கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமிகளை ஏற்றிச் செல்லும் படகுகள் எனப் பலவும் இன்று நீரைப் பீய்ச்சியே ஓடுகின்றன. அவர் தொடங்கிய தொழிற்சாலை இன்றும் கிறைஸ்ட்சர்ச்சில் அவர் பெயரிலேயே அந்த இயந்திரங்களைச் செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிறது. எங்கள் சச்சரவில் எதிர்க்கட்சியில் இருந்தவர்கள் இந்த இடத்தில்தான் வாய் மூடினார்கள். ஒருத்தி மட்டும், ரேடியத்துக்கு இது ஈடாகாது என்று இன்னும் சொல்கிறாள். சொல்லிக்கொள்ளட்டும்.

1961-இல் அவருக்குப் பிரித்தானிய அரசின் ஓ.பி.இ. விருதும், 1974-இல் சர் பட்டமும் கிடைத்தன. அவர் மனைவி பெக்கி 1969-இல் அவர் வாழ்க்கையை ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். அதன் தலைப்பு காட்டு ஐரிஷ்காரன் என்று பொருள்படும். பண்ணையின் பெயரைச் சுட்டுவதோடு, அந்தச் சமவெளியில் எங்கும் மண்டிக் கிடக்கும் ஒரு முட்செடிக்கும் அதுவே பெயர். கணவரின் வரலாற்றுக்கு முட்செடியின் பெயரை வைத்த அந்த அம்மையாரைச் சந்தித்திருந்தால் எங்களுக்குப் பிடித்திருக்கும்.

கடைசியாக நம் நாட்டோடு சேர்ந்த ஒரு செய்தி. எவரெஸ்ட் சிகரத்தில் டென்சிங்கோடு முதன்முதல் ஏறிய சர் எட்மண்ட் ஹிலாரி நியூசிலாந்துக்காரர் என்பது எல்லாருக்கும் தெரியும். 1968-இல் அவர் நேபாளத்தின் சன் கோசி ஆற்றில் ஹாமில்டன் படகுகளில் ஏறிச் சென்றார். அதில் பிறந்த ஆசையோ என்னவோ, 1977-இல் நம் கங்கையையே கடலிலிருந்து மலை வரை எதிர்த்து ஏறப் புறப்பட்டார். படகுகள் மூன்றும் ஹாமில்டன் தொழிற்சாலையில் செய்தவை. ஓட்ட வந்தவர்களில் மகன் ஜானும் இருந்தார். வங்கக்கடலும் கங்கையும் கூடும் கங்கா சாகரில் தொடங்கி, பாட்னா, காசி, அலகாபாத் என்று ஏறினார்கள். கரையெங்கும், படித்துறையெங்கும் மக்கள் வெள்ளம். ஹரித்துவாருக்கு மேலே ஆறு குணம் மாறியது. பாறைகளுக்கிடையே சீறிவரும் நீரில் படகுகள் பாய்ந்தும் பின்வாங்கியும் மீண்டும் பாய்ந்தும் ரிஷிகேசம், தேவப்பிரயாகை என்று ஏறின. அலக்நந்தா ஆற்றில் நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி குறுக்கே நின்றது. அருவியை எந்தப் படகாலும் ஏற முடியாது. அங்கே படகை விட்டுவிட்டு நடந்து பனிமலை ஏறினார்கள்.

கூழாங்கல் ஆற்றில் எதிர்த்துப் போக ஆசைப்பட்ட சிறுவனின் படகு கங்கையில் ஏறிய செய்தி, எழுபத்தெட்டு வயதான அவர் உயிரோடிருக்கும்போதே நிகழ்ந்தது எங்களுக்கு ஏனோ மிகவும் நிறைவாக இருந்தது. மறு ஆண்டே, 1978 மார்ச் 30-ஆம் நாள், பில் ஹாமில்டன் காலமானார்.

கட்டுரையை எழுதி முடித்து வகுப்பில் வாசித்தபோது, சிட்னி போய் வந்த எங்கள் தோழி கடைசி வரையில் அமைதியாக இருந்தாள். சுழற்சியின்போது தான் கண்ணை இறுக மூடிக்கொண்டதால் படகின் பின்புறம் ஒன்றையுமே பார்க்கவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டாள். சித்தப்பா அடுத்த விடுமுறைக்கும் அழைத்திருக்கிறாராம். இம்முறை பின்வரிசையில் இடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்தக் குழல்வாய் நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லியிருக்கிறோம்.